தொழில்நுட்பமும் வன்னியும்: முடிவெடுக்கும் இடத்தில் யார்?

செயற்கை நுண்ணறிவும் ஆளில்லா வானூர்தியும் மரபணுப் பகுப்பாய்வும் மனித வாழ்வை எப்படி மாற்றப்போகின்றன என்ற பேச்சு இன்று உலகெங்கும் நடக்கிறது. அந்தப் பேச்சில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் பெயர் அடிபடுவதில்லை. காடும் குளமும் வயலுமான இந்த வன்னி நிலம் புதியவற்றைக் கடைசியாகப் பெறும் இடம் என்றே கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எண்ணப்படுகிறது. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. தொழில்நுட்பம் ஒரு சமூகத்துக்குச் செய்யக்கூடிய நன்மை, தீமை இரண்டையும் அவற்றின் உச்சத்தில் ஒரே நூற்றாண்டில் கண்டவர்கள் வன்னி மக்கள். நுளம்பை வென்ற மருந்தும் இங்கே வந்தது. வானிலிருந்து குறிபார்த்த கமராவும் இங்கே வந்தது.

ஆகவே, வேகமாக வளரும் தொழில்நுட்பங்கள் நம்மை என்ன செய்யும் என்ற கேள்விக்கு வன்னியின் அனுபவத்திலிருந்து விடை தேடுவது பொருத்தமானது. இக்கட்டுரையின் துணிபு இது: ஒரு கருவி மக்களை வாழவைக்குமா, வருத்துமா என்பதை அதன் திறனைவிட, அதைப் பற்றிய முடிவு யார் முன்னிலையில் எடுக்கப்படுகிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. அதற்கான முன்மாதிரி ஒன்று வன்னியிடமே இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டந்தான் அது. குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எப்போது நீர் விடுவது, விதைப்பின் கடைசித் திகதி எது என்பவற்றை நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமநல சேவை அலுவலரும் கமக்காரர் அமைப்புகளும் ஒரே மண்டபத்தில் இருந்து பேசித் தீர்மானிக்கிறார்கள். பொறியியலாளரிடம் அளவீடு இருக்கிறது. கமக்காரரிடம் வயலறிவு இருக்கிறது. இரண்டும் சேர்ந்த பின்னர்தான் துருசு திறக்கப்படுகிறது. சச்சரவு இல்லாத கூட்டங்கள் குறைவு. ஆனாலும் யார் என்ன சொன்னார், எது முடிவாயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும்.

நுளம்பும் மருந்தும்

வன்னி நெடுங்காலம் மலேரியா நிலமாக இருந்தது. 1902இல் தொடங்கிய இரணைமடுக் குளக் கட்டுமானமும் 1905இல் முழுமையடைந்த வடக்கு ரயில் பாதையும் இந்த நிலத்தைத் திறந்துவிட்டன. 1930களில் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது. குடியேறியவர்களைக் காய்ச்சல் துரத்திக்கொண்டே இருந்தது. 1934-35இல் இலங்கையில் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறக்குறைய 80,000 பேரைப் பலிகொண்டது. 1940களின் நடுப்பகுதியில் நுளம்பைக் கொல்லும் டி.டி.ரி. மருந்து வந்தது. வீடு வீடாகச் சென்று சுவர்களில் தெளித்தார்கள். 1963இல் நாடு முழுவதும் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே. உலர்வலயக் காட்டோரங்களில் மக்கள் பிள்ளை குட்டிகளோடு நிலைத்து வாழ முடிந்ததற்கு இந்த மருந்து ஒரு முக்கிய காரணம்.

வென்றுவிட்டோம் என்று எண்ணித் தெளிப்பையும் கண்காணிப்பையும் தளர்த்தியபோது நோய் திரும்பி வந்தது. 1968, 1969 ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் நோயுற்றார்கள். நுளம்பும் டி.டி.ரி.யைத் தாக்குப்பிடிக்கப் பழகிக்கொண்டது. முடிவான வெற்றி ஒரு தனி மருந்தால் வரவில்லை. போர் நடந்த ஆண்டுகளிலும் மலேரியாத் தடுப்புப் பணியாளர்கள் வன்னியில் வேலை செய்தார்கள். மருந்தூட்டிய வலைகளைக் கொடுத்தார்கள். காய்ச்சல் கண்டவரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். பகைத்து நின்ற இரு தரப்பும் அவர்களை அனுமதித்தன. 2012 ஒக்ரோபருக்குப் பின்னர் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக உள்நாட்டில் தொற்றிய மலேரியா நோயாளர் எவரும் இலங்கையில் பதிவாகவில்லை. 2016 செப்ரெம்பர் 5 அன்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆய்வுகூடத்தில் பிறந்த மருந்து ஊரை ஒருமுறை காப்பாற்றியது. ஊரறிந்த பணியாளரின் தளராத உழைப்பே அந்த வெற்றியை நிலைக்கச் செய்தது.

வானத்தின் இரு முகங்கள்

1990இல் போர் மீண்டும் மூண்டபின் வன்னியின் பெரும்பகுதி தேசிய மின்வலையமைப்பிலிருந்து விலகிக் கிடந்தது. பொருளாதாரத் தடையின் கீழ் எரிபொருளும் பற்றரியும் கிடைக்கவில்லை. மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் எரியும் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். மோட்டார் சைக்கிளை ஒரு சிறங்கைப் பெற்றோலில் உசுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இவற்றை வறுமையின் கதைகளாக மட்டும் சொல்லி முடிப்பது வழக்கமாகிவிட்டது. தேவை அறிந்தவன் கையிலேயே கருவி இருக்கும்போது அது எவ்வளவு விரைவாகத் திருத்தம் பெறும் என்பதற்கும் இவை சான்று.

அதே ஆண்டுகளில் மிக முன்னேறிய தொழில்நுட்பம் வேறு உருவில் தலைக்கு மேலே வந்தது. கிபிர் விமானங்களுக்கு முன்னோடியாக ஆளில்லா வேவு விமானம் மணிக்கணக்காகச் சுற்றும். அதன் இரைச்சலைக் கேட்டு மக்கள் அதை ‘வண்டு’ என்று அழைத்தார்கள். ட்ரோன்கள் போர்க்களத்தை மாற்றியதாக உலகம் 2022இல் உக்ரைனைப் பார்த்து எழுதுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே வன்னியில் குழந்தைகள் அந்த இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடப் பழகியிருந்தார்கள்.

2009இன் முதல் மாதங்களில் சுதந்திரமான செய்தியாளரோ பார்வையாளரோ போரின் கடைசிக் களமான முள்ளிவாய்க்கால் பக்கம் போக முடியவில்லை. அங்கே என்ன நடந்தது என்பதற்குச் சான்றானவற்றுள் செயற்கைக்கோள் படங்களும் அடங்கும். அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் 2009 மே மாதப் படங்களை ஆராய்ந்தது. 2011இல் வெளிவந்த ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு அறிக்கையும் செயற்கைக்கோள் படங்களைப் பயன்படுத்தியது. ஒரே வானத்திலிருந்து ஒரு கமரா இலக்கைத் தேடியது, இன்னொன்று நடந்ததைப் பதிந்தது. படத்தை யார் எடுக்கிறார், யாரிடம் கொடுக்கிறார், யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார் என்பதில்தான் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் இருக்கிறது.

மண்ணைத் திருப்பித் தந்த வாரி

போர் முடிந்தபின் ஊர் திரும்பியவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது மிதிவெடி இல்லாத மண். இங்கே உயர் தொழில்நுட்பத்துக்கு ஓர் எல்லை தெரிந்தது. வன்னியில் புதைக்கப்பட்ட வெடிகளில் பல மிகக் குறைந்த உலோகம் கொண்டவை. பாகிஸ்தான் தயாரிப்பான பி-4 வகை பிளாஸ்ரிக் உடல் கொண்டது. விடுதலைப் புலிகளின் ‘ஜொனி’ மரப்பெட்டியில் செய்யப்பட்டது. உலோகம் தேடும் கருவி இவற்றைத் தவறவிடக்கூடும், அல்லது மண்ணில் கிடக்கும் ஒவ்வொரு தோட்டாச் சிதறலுக்கும் ஒலியெழுப்பி நாளை வீணாக்கிவிடும். ஆகவே, பல் வைத்த நீண்ட இரும்பு வாரிகளால் மண்ணைப் படை படையாக வாரி வெடியைப் பக்கவாட்டிலிருந்து அணுகும் முறை இலங்கையிலேயே வளர்த்தெடுக்கப்பட்டது. முகமாலை போன்ற இடங்களில் இந்தப் பணியைச் செய்தவர்களில் பெண்கள் பலர். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களும் அவர்களுள் அடக்கம். ஹலோ ட்ரஸ்ட், மாக் ஆகிய சர்வதேச நிறுவனங்களும் டாஷ், ஷார்ப் ஆகிய உள்நாட்டு நிறுவனங்களும் அவர்களுக்குப் பயிற்சி அளித்து வேலைக்கு அமர்த்தின. 2017 டிசெம்பரில் இலங்கை, மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. மிதிவெடிகளை முழுமையாக அகற்றுவதற்கான காலக்கெடு 2028.

இடத்துக்கேற்ற கருவியே பயன்தரும் என்பதையே வெடியில் கால் இழந்தவர்களின் கதையும் சொல்கிறது. 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய செயற்கைக் கால், வெறுங்காலோடு நடப்பவருக்கும் சம்மணமிட்டு இருப்பவருக்கும் சேற்றில் இறங்குபவருக்கும் ஏற்றபடி அமைந்தது. மேலைநாட்டுச் செயற்கைக் கால்கள் சப்பாத்து அணிந்து நாற்காலியில் இருப்பவருக்காகச் செய்யப்பட்டவை. 1987 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கும் ஜெய்ப்பூர் மாற்றுத்திறனாளிகள் புனர்வாழ்வு நிலையம் வடக்கின் மக்களுக்கு இந்தக் காலைப் பொருத்திவருகிறது. இப்போது முப்பரிமாண அச்சில் செய்த கையும் கணினியால் இயங்கும் முழங்காலும் வந்துவிட்டன. அவை வன்னிக்கும் வரவேண்டும். வரும்போது வயல் வரம்பில் நடக்கவும், மழையில் நனையவும், பழுதானால் கிளிநொச்சியிலேயே திருத்தவும் முடிகிறதா என்று கேட்க வேண்டும். அந்தக் காலோடு வாழப்போகிறவர் வடிவமைப்பாளரின் மேசையில் இருந்தால் அந்தக் கேள்வி தானாகவே எழும்.

குளக்கட்டும் கணிப்பும்

வன்னியின் உயிர் நீர். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் என்று குளங்களைச் சுற்றியே ஊர்கள் எழுந்தன. நீர் பற்றிய அறிவிப்பு வராததன் விலையை இந்த நிலம் ஒருமுறை கொடுத்துவிட்டது. 2004 டிசெம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்தே அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் முல்லைத்தீவுக் கடற்கரைக்கு ஒரு சொல் வந்து சேரவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். உலகின் நிலநடுக்கமானிகள் அதிர்வைப் பதிந்திருந்தன. அறிவு இருந்தது, அதைக் கரைக்குக் கொண்டுவரும் வழி இருக்கவில்லை.

2018 டிசெம்பர் 21 இரவு கொட்டிய பெருமழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. புனரமைப்பு முடிந்த கையோடு இரணைமடு நிரம்பியது. வான்கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற சர்ச்சை எழுந்தது, விசாரணைகளும் நடந்தன. இன்றைய கணிப்பு முறைகள் இப்படிப்பட்ட இரவை மாற்றக்கூடியவை. 2023இல் கூகுள் டீப்மைண்ட் வெளியிட்ட கிராஃப்காஸ்ட் மாதிரி 10 நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் கணித்தது. 2025 பெப்ரவரியில் ஐரோப்பிய நடுத்தர கால வானிலை எதிர்வுகூறல் மையம் தனது செயற்கை நுண்ணறிவு மாதிரியை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. பெரிய கணினிகள் வாங்க வசதியில்லாத நாடுகளுக்கும் நல்ல கணிப்பு எட்டும் காலம் இது.

கணிப்பு கிடைத்தபின்தான் கடினமான கேள்வி வருகிறது. நாளை பெருமழை என்று மாதிரி 60 சதவீத வாய்ப்புச் சொன்னால் இன்றே நீரைத் திறந்துவிடுவதா? மழை பொய்த்தால் சிறுபோகம் கருகும். திறக்காமல் விட்டால் தாழ்நிலத்துக் குடிமனைகள் மூழ்கும். இந்த இழப்பை யார் தாங்குவது என்பதை எந்த மாதிரியும் சொல்லாது. கமக்காரரும் தாழ்நிலத்தில் வாழ்பவரும் முன்கூட்டியே கூடி, இந்த அளவுக்கு மேல் அபாயம் என்றால் கதவைத் திறப்போம், பயிர் போனால் இழப்பீடு இப்படி என்று உடன்பட்டிருக்க வேண்டும். அப்படியொரு உடன்பாடு இருந்தால் கணிப்பு உயிர் காக்கும். இல்லாவிட்டால் அடுத்த விசாரணையில் காட்டப்படும் இன்னொரு ஆவணமாகவே அது முடியும்.

தொழில்நுட்பம் ஒரு சண்டையைத் தணித்த கதையும் இங்கே உண்டு. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்தார்கள். சிறுபோகத்துக்கே போதாத நீரைப் பங்கிட முடியாது என்றார்கள். யாழ்ப்பாணத்தின் கிணறுகள் உவர்த்தும் மாசுபட்டும் போனதும் உண்மை. கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்தது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரக்கூடிய அந்த நிலையம் 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. மின்சாரச் செலவும் உப்புக்கழிவும் கடற்றொழிலாளரின் கவலையும் அதன் பின்னால் நிற்கின்றன. ஆனாலும் கமக்காரர் அமைப்புகள் வாய் திறந்திருக்காவிட்டால் இந்த மாற்றுவழி தேடப்பட்டே இருக்காது.

கைகளுக்கு வேலை

மனித வாழ்வைத் தொழில்நுட்பம் தொடும் இடங்களில் மிகவும் நோகக்கூடியது வேலை. சர்வதேச நாணய நிதியம் 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு, உலகின் வேலைகளில் ஏறக்குறைய 40 சதவீதம் செயற்கை நுண்ணறிவின் தாக்கத்துக்கு உட்படும் என்றது. செல்வந்த நாடுகளில் அது 60 சதவீதம், வறிய நாடுகளில் 26 சதவீதம். வறிய நாடுகளுக்கு ஆபத்து குறைவு என்று இதை வாசித்துவிடக் கூடாது. அவற்றுக்குப் பயனும் குறைவாகவே வரும் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

வன்னி இந்த மாற்றத்தை ஏற்கெனவே ஒருமுறை கண்டது. எருமையின் இடத்துக்கு உழவு இயந்திரமும் லாண்ட்மாஸ்டரும் வந்தன. போருக்குப் பின் பெரிய அறுவடை இயந்திரங்கள் வந்தன. முன்பு அருவி வெட்டவும், சூடு வைக்கவும், சூடு மிதிக்கவும் ஆட்கள் நாட்கணக்காக வயலில் நின்றார்கள். இப்போது வெட்டு, பிரிப்பு, தூற்றல் எல்லாம் ஒரே ஓட்டத்தில் முடிந்து நெல் மூட்டையாகிறது. காணி உள்ளவருக்கு இது விடுதலை: மழைக்கு முன் அறுவடை முடிகிறது, கூலிச் செலவு குறைகிறது. காணி இல்லாத பெண்ணுக்கு அந்தப் பருவக் கூலி போயிற்று. வேலை மறைந்தது ஒரு வீட்டில், மிச்சம் சேர்ந்தது இன்னொரு வீட்டில். இரண்டையும் இணைக்கும் ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை.

அடுத்த மாற்றம் ஆடைத் தொழிற்சாலையில் வரக்கூடும். கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் ‘விடியல்’, ‘வானவில்’ தொழிற்சாலைகளும் வவுனியாவில் ஒமேகா லைன் தொழிற்சாலையும் வன்னிப் பெண்களுக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்றை அறிமுகப்படுத்தின. துணி வளைந்து கொடுக்கும் பொருள் என்பதால் அதைக் கையாள்வது இயந்திரக் கைகளுக்கு இன்னும் கடினமாக இருக்கிறது. வெட்டுதல், அளத்தல், தரம் பார்த்தல் ஆகியவை முதலில் மாறும். தைப்பது பின்னர் மாறும். இதற்கு இன்று தயாராகத் தொடங்கினால் காலம் இருக்கிறது.

தயாராவதற்கான நிறுவனங்களும் வன்னியிலேயே இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகியிருக்கிறது. அறிவியல் நகருக்குக் கூப்பிடு தூரத்தில் வயல்கள் இருக்கின்றன. அங்கே படிக்கும் மாணவர் செய்யும் ஆய்வுத் திட்டங்களில் பாதியாவது இரணைமடுவின் நீர்மட்ட உணரி, நெல்லின் நோய்காணும் செயலி, யானை வரவை அறிவிக்கும் கருவி, ஆடைத் தொழிலாளருக்கான மறுபயிற்சி என்று சுற்றுப்புறத்தின் தேவையைத் தொட வேண்டும். பட்டத்தோடு கொழும்புக்கும் மெல்பேணுக்கும் போவது அவர்கள் உரிமை. போகாமலும் வாழலாம் என்ற நிலையை உண்டாக்குவது நம் கடமை.

பட்டியலில் விடுபட்ட பெயர்

தொழில்நுட்பம் வந்து இறங்கும் இன்னொரு இடம் அரசின் பதிவேடு. 2023 ஜூலையில் வறிய குடும்பங்களுக்கான சமுர்த்தி உதவித் திட்டத்துக்குப் பதிலாக அஸ்வெசும தொடங்கியது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகியவற்றைச் சார்ந்த 22 குறிகாட்டிகளுக்குப் புள்ளியிட்டு, யாருக்கு உதவி என்பதைக் கணினி வரிசைப்படுத்தியது. அரசியல்வாதியின் செல்வாக்குக்கு இடமில்லாத நியாயமான முறை என்று அது முன்வைக்கப்பட்டது. பட்டியல் வந்ததும் நாடெங்கும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. 2019ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பில் இலங்கையின் வறுமை வீதம் 14.3. முல்லைத்தீவில் 44.5. இப்படிப்பட்ட மாவட்டத்தில் ஒரு குறிகாட்டி தவறாக அளக்கப்பட்டால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைகிறது. ஓடாத பழைய மோட்டார் சைக்கிளும், உதவித் திட்டத்தில் கட்டிய கல்வீடும் வசதியின் அடையாளமாக எண்ணப்படக்கூடும். கடன் சுமையும், காணாமல் ஆக்கப்பட்ட கணவனும், உடலில் தங்கிய எறிகணைச் சிதறலும் படிவத்தில் இடம் பிடிப்பது கடினம்.

இதன் அடுத்த படி, இந்திய உதவியுடன் உருவாக்கப்படும் டிஜிற்றல் அடையாள அட்டை. முகம், கருவிழி, கைரேகை ஆகியவை அதில் சேரும். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பலமுறை இழந்த மக்களுக்கு அழியாத அடையாளம் ஒன்று பெரிய நன்மை. அதே மக்கள் 2009இல் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாம்களில் முள்வேலிக்குள் வரிசையில் நின்று திரும்பத் திரும்பப் பதியப்பட்டவர்கள் என்பதையும் மறக்க முடியாது. தரவு யாரிடம் போகிறது என்ற அவர்களின் அச்சம் பட்டறிவிலிருந்து வந்தது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. பாதுகாப்புத் துறை இந்தத் தரவை எந்த நிபந்தனையில் பார்க்கலாம் என்பது தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதப்பட்டு, மீறினால் முறையிடச் சுதந்திரமான ஓர் இடம் இருந்தால்தான் அந்த அச்சம் தீரும்.

காணிப் பதிவும் அப்படியே. 2025 மார்ச் 28 அன்று வெளியான வர்த்தமானி ஒன்று வடக்கில் சுமார் 5,940 ஏக்கர் காணியைக் குறிப்பிட்டு, உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் நிரூபிக்க வேண்டும் என்றது. அதில் முல்லைத்தீவின் 1,703 ஏக்கரும் கிளிநொச்சியின் 515 ஏக்கரும் அடங்கின. உறுதிகளைப் போரிலும் சுனாமியிலும் இழந்தவர்கள் கலங்கினார்கள். ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. செயற்கைக்கோள் வரைபடமும் கணினிப் பதிவேடும் வரும்போது காணிச் சண்டை தீரும் என்று சொல்லப்படுகிறது. காடு என்று வரைபடத்தில் தெரிவது முப்பது ஆண்டு இடப்பெயர்வில் பற்றை மண்டிய தோட்டமாக இருக்கலாம். மலையகத்திலிருந்து வன்முறைக்குத் தப்பி வந்து குடியேறி, பத்திரமே பெறாமல் உழுத நிலமாகவும் இருக்கலாம். ஊரின் மூத்தவரின் சாட்சியம் சேராமல் அந்தப் பதிவேடு பூட்டப்பட்டால் தவறு நிரந்தரமாகும்.

எலும்பும் பெயரும்

2023 ஜூன் மாத இறுதியில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. 2024 ஜூலையில் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டிருந்தன. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் வீதியோரத்தில் இருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்கு நீதி கேட்கும் தாய்மாருக்கு இப்படிப்பட்ட ஒவ்வொரு செய்தியும் ஒரு கேள்வி: என் பிள்ளை அதில் இருக்கிறானா?

இதற்கு விடை தரக்கூடிய விஞ்ஞானம் கையில் இருக்கிறது. ஆர்ஜென்ரீனாவில் இராணுவ ஆட்சி பறித்த பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார் விஞ்ஞானிகளை நாடிச் சென்றார்கள். பெற்றோர் இல்லாத நிலையில் பாட்டியின் இரத்தத்தைக் கொண்டு பேரனை அடையாளம் காண முடியுமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்து ஒரு புதிய ஆய்வுமுறையும், 1987இல் ஒரு தேசிய மரபணு வங்கியும் பிறந்தன. 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டார்கள். விஞ்ஞானத்துக்கு வழிகாட்டியவர்கள் பாட்டிமார்.

வன்னியின் தாய்மாருக்கு வயது ஏறுகிறது. பலர் விடை அறியாமலே இறந்துவிட்டார்கள். ஒரு தாய் இறக்கும்போது அவருடைய மரபணுச் சான்றும் போய்விடுகிறது. மாதிரிகளை இப்போதே சேகரிக்க வேண்டும். அவற்றை யார் வைத்திருப்பார் என்பதில் அந்தத் தாய்மாருக்கே சொல்லுரிமை இருக்க வேண்டும், சர்வதேச மேற்பார்வையும் வேண்டும். வேகமாக வளரும் தொழில்நுட்பங்களுள் வன்னிக்கு மிக அவசரமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

தமிழில் பேசும் இயந்திரம்

2022 நவம்பரில் சட்ஜிபிரி வெளிவந்தபின் கணினியோடு உரையாடுவது அன்றாடச் செயலாகிவிட்டது. 2025 ஜூலையில் ஸ்ராலிங்க் இணையச் சேவை இலங்கையில் தொடங்கியது. கட்டணத்தைத் தாங்க முடிந்தால், கம்பியும் கோபுரமும் எட்டாத காட்டோரக் கிராமத்துக்கும் இணைப்புக் கிடைக்கும். ஆசிரியர் வராத பாடசாலையில் கணிதம் சொல்லித்தரவும், மருத்துவர் இல்லாத ஊரில் அறிகுறி கேட்டு எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்லவும், அரச கடிதத்தை எளிய தமிழில் விளக்கவும் இந்த இயந்திரங்களால் முடியும். ஆனால் அவை எதைப் படித்தனவோ அதையே பேசும். போகம், துருசு, வான், அளிப்புப் பத்திரம் என்ற சொற்கள் வாழும் எழுத்துகள் இணையத்தில் குறைவாக இருக்கும்வரை, வன்னிக் கமக்காரரின் கேள்வி அவற்றுக்கு அரைகுறையாகவே விளங்கும். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கிவரும் நூலகம் நிறுவனத்தின் பணி இங்கே அடித்தளம். வன்னியின் வாய்மொழியையும் தொழிற்சொற்களையும் உரியவரின் ஒப்புதலோடு பதிந்து சேர்ப்பது அடுத்த வேலை.

செய்ய வேண்டியவை

மலேரியா மருந்திலிருந்து மரபணு வரை வன்னி காட்டுவது ஒன்றைத்தான். மக்களின் அறிவும் கேள்வியும் சேர்ந்த இடங்களில் தொழில்நுட்பம் நிலைத்த நன்மை தந்தது. அவர்களை விலக்கி மேலிருந்து இறங்கிய இடங்களில், நல்ல நோக்கத்தோடு வந்தபோதும், காயப்படுத்தியது. ஆகவே, பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் முறையை நீருக்கு அப்பாலும் விரிக்க வேண்டும். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஆண்டுக்கு இருமுறையாவது ஒரு தொழில்நுட்பக் கூட்டம் கூடட்டும். குளங்களின் நீர்மட்டமும் மழைக் கணிப்பும் கமக்காரர் அமைப்புகளுக்கு நேரடியாகத் திறந்திருக்கட்டும். உதவிப் பட்டியலில் பெயர் விடுபட்டவருக்கு எந்தக் குறிகாட்டியால் விடுபட்டது என்பதைத் தமிழில் எழுதிக் கொடுத்து, ஒரு மனிதர் முன்னால் வாதாடும் உரிமை கொடுக்கப்படட்டும். காற்றாலை, ட்ரோன் தெளிப்பு, கண்காணிப்புக் கமரா எதுவாயினும் நிலத்தில் வாழ்வோரைக் கேட்ட பின்னரே வரட்டும். 2025இல் மன்னாரில் காற்றாலைகளுக்கு எதிராக எழுந்த போராட்டம் கேட்காமல் செய்வதன் விளைவைக் காட்டியிருக்கிறது. அந்தக் கூட்டங்களில் பல்கலைக்கழகத்தின் பொறியியலாளரும், பெண் தலைமைத்துவக் குடும்பங்களும், கடற்றொழிலாளரும், மாற்றுத்திறனாளிகளும் உறுப்பினராக இருக்கட்டும்.

இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. மண்டபம் இருக்கிறது, கூடும் வழக்கம் இருக்கிறது, பேசத் தெரிந்த மக்களும் இருக்கிறார்கள். கமக்காரர் அமைப்பும் மாதர் அபிவிருத்திச் சங்கமும் தத்தம் பிரதேச செயலாளருக்கு இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, வரும் காலபோகக் கூட்டத்திலேயே முதல் பேச்சைத் தொடங்க வேண்டும்.